சஹனுக்கு ஆறாவது ஆள்

கண்டி வாவிக்கு மேலே இருக்கும் ஒரு ஹோட்டலில், வியாபாரிகளின் மனைவிமாருக்கென்று ஒரு நாள் வகுப்பு நடந்தது. தலைப்பு, வாழ்க்கையின் அர்த்தத்தைக் கண்டடைதல். கொழும்பிலிருந்து வந்த பேச்சாளர் கோட்டுப் போட்டுக்கொண்டு, கன்னத்தோடு ஒட்டிய ஒலிவாங்கியில் பேசினார். காலையில் தேநீரும் கேக்கும், பிறகு அர்த்தம், மத்தியானம் சாப்பாடு, அதற்குப் பிறகு மிச்ச அர்த்தம். அப்படித்தான் நேரசூசி போட்டிருந்தார்கள்.

எங்களையெல்லாம் கண்ணை மூடச் சொன்னார். "ஒரு பெரிய மண்டபத்துக்குள் நுழைகிறீர்கள். ஊரே அங்கே கூடியிருக்கிறது. உங்களுடைய இடம் எது? அதைச் சொல்லத் தெரிந்தால் வாழ்க்கையின் அர்த்தமும் தெரிந்துவிடும்" என்றார். ஒருத்தி மேடை என்றாள். ஒருத்தி முன்வரிசை என்றாள். நகைக்கடைக்காரரின் மனைவி, "என் கணவருக்குப் பக்கத்தில்" என்று சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டாள். அவள் கணவர் எந்த நாளில் எந்த நாட்டில் இருப்பார் என்று அவளுக்கே தெரியாது. அது வேறு கதை.

என் முறை வந்தது. "சாப்பாடு எங்க வைக்கிறாங்களோ அங்க" என்றேன்.

மண்டபம் சிரித்தது. பேச்சாளர் சிரிக்கவில்லை. "சிஸ்டர் இன்னும் தயாராகவில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. நான் பகிடிக்குச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே உண்மையான பதில் அதுதான். ஏன் அது உண்மை என்று அன்றைக்கு எனக்கே சொல்லத் தெரியவில்லை. மகளின் கல்யாணத்தன்றுதான் தெரிந்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணம் கெட்டது என்று எழுத நான் உட்காரவில்லை. மகளின் வாப்பாவுக்கு, அதாவது என் கணவருக்கு, டைல்ஸ் வியாபாரம். நான் கல்யாணம் முடித்து வந்தபோது கட்டுகஸ்தோட்டைப் பக்கம் சின்னதாக ஒரு கடை இருந்தது. கடைக்குப் பின்னால் ஓர் அறை. அந்த அறைதான் வீடு. இன்றைக்குக் கண்டியில் பெரிய பெரிய கடைகள், குண்டசாலையில் மகாவலியைப் பார்த்தபடி மூன்று மாடி வீடு. எனக்கு அந்த வீடு பிடிக்கும். திறந்தவுடன் வெந்நீர் வருவது பிடிக்கும். பஸ்ஸில் நசுங்காமல் டவுனுக்குப் போய் வருவது பிடிக்கும். வறுமையில்தான் நிம்மதி இருக்கிறது என்று எழுதுகிறவர்கள், மழைக்கு ஒழுகும் அறையில் காய்ச்சல்காரப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு இரவு இருந்து பார்க்கட்டும். பிறகு வந்து எழுதட்டும்.

என்னை அரித்தது வேறு. எங்களுடைய கடை வளர வளர, எந்த விழாவுக்குப் போனாலும் எனக்கென்று முன்னால் ஒரு கதிரை இருந்தது. பாடசாலைப் பரிசளிப்பு, ஆஸ்பத்திரிக்குக் கட்டில் கொடுக்கும் வைபவம், யாரோ ஒருவரின் புத்தக வெளியீடு, எல்லாவற்றுக்கும். போய் உட்காருவேன். பொன்னாடை போடுவார்கள். ஆனால் அந்தக் கதிரையில் நான்தான் உட்கார வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. நல்ல சேலை உடுத்திய எவளையாவது உட்கார வைத்து, இவதான் டைல்ஸ் முதலாளியின் மனைவி என்று சொன்னாலும் விழா நடந்து முடியும். நான் வரவில்லை என்பதற்காக ஒரு விழாவும் நின்றதில்லை. இது மண்டைக்குள் ஏறிய நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அர்த்தம் தேடிப் போனேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். மக்காவுக்கு உம்றாப் பயணம் போனேன். அங்கே அழுதேன், மனதார அழுதேன். திரும்பி வரும் வழியில் கூட வந்த பெண்கள், யாருடைய ஹோட்டல் ஹரம் பள்ளிவாசலுக்குக் கிட்ட இருந்தது என்று கணக்குப் பார்த்தார்கள். நானும் அந்தக் கணக்கில் சேர்ந்து, எங்களுடையதுதான் கிட்ட என்று சொல்லிவிட்டேன். பீங்கானில் பூப்போடும் வகுப்புக்குப் போனேன். காலையில் வாவியைச் சுற்றி நடக்கும் கூட்டத்தோடு சேர்ந்தேன். அங்கே நடப்பதைவிடக் காலில் போட்ட சப்பாத்தைப் பற்றிப் பேசுவது அதிகம். கடைசியாகத்தான் அந்த ஹோட்டல் வகுப்பு.

இனி என் ராத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராத்தா என்றால் அக்கா; எனக்கு ஒரே ராத்தா. எங்கள் பிறந்த ஊரான கலகெதரையில், எங்கள் வாப்பா மிளகும் கராம்பும் வாங்கி விற்ற அதே தெருவில், துணிக்கடை வைத்திருக்கிறாள். கடைக்குள்ளேயே தையல் மெஷினும் உண்டு. அவளைப் பாவப்பட்ட ஏழை என்று நினைத்துவிடாதீர்கள். வாய் அப்படி. நகை என்றால் உயிர். என் வீட்டு மார்பிளின் நிறத்தைக் கலகெதரை முழுக்கச் சொல்லிப் பெருமையடித்துவிட்டு, என் முகத்துக்கு முன்னால் "குளிருது, காலுக்குக் கூடாது" என்பாள். சின்ன வயதிலிருந்து எனக்கும் அவளுக்கும் போட்டிதான். ஆனாலும் எந்தப் பந்திக்குப் போனாலும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே சஹனில்தான் உட்காருவோம்.

சஹன் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அகலமான பெரிய தட்டம். நெய்ச்சோறு, அதன்மேல் இறைச்சி, கோழி, கத்தரிக்காய், அச்சாறு. பாயில் துணி விரித்து, அந்த ஒரு தட்டத்தைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து கையால் சாப்பிடுவோம். ஆறு பேர் சேர்ந்தால்தான் மூடியைத் திறப்பார்கள். ஐந்து பேர் உட்கார்ந்துவிட்டால் யாராவது ஒருத்தி தொண்டையைத் திறந்து, "இங்க ஒராள் கொறயுது" என்று சத்தம் போடுவாள். அதுவரை வாசலில் தயங்கி நிற்கிறவள், தொழுதுவிட்டு வருகிறவள், யாராக இருந்தாலும் வந்து இடித்துக்கொண்டு உட்கார வேண்டும். அவள் உட்காரும்வரை மற்ற ஐந்து பேரும் பசியோடு அவளைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.

இதில் பெரிய புனிதம் ஒன்றும் இல்லை. நீள நகக்காரிகள் வந்து உட்காருவார்கள். கோழியை முதலில் அமுக்குகிறவள் ஒருத்தி எல்லாச் சஹனிலும் இருப்பாள். அவரவருக்கு முன்னால் இருக்கிறதைத்தான் சாப்பிட வேண்டும், அடுத்தவள் பக்கம் கை போகக் கூடாது என்பது ஒழுங்கு. என் ராத்தா அந்த ஒழுங்கைக் காலில் போட்டு மிதிப்பவள். மற்ற நான்கு பேர் பக்கமும் போக மாட்டாள். என் பக்கம் மட்டும் அவள் கை வரும். என் முட்டை, என் பொரித்த வெங்காயம், என் ஈரல் துண்டு. நான் அவள் கையில் அடிப்பேன். இது எங்களுக்குள் எப்போதும் நடக்கிற சண்டை.

குண்டசாலை வீட்டுக்குக் குடிபோன அன்று அது நடக்கவில்லை. கலகெதரையிலிருந்து வேன் பிடித்து எங்கள் ஆட்கள் வந்தார்கள். பெரிய ஹோலில் வெள்ளை டைல்ஸ். அதில் குழம்பு சிந்தக் கூடாதென்று, அவர்களைக் கராஜ் பக்கம் தகரப் பந்தலுக்குக் கீழே உட்கார வைத்திருக்கிறார்கள். ஹோலில் டவுன் ஆட்களுக்கு மேசை. அந்த ஏற்பாட்டைப் பற்றி என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் மூன்றாம் மாடியில், வந்த பெரிய மனுசிகளுக்குக் குளியலறை காட்டிக்கொண்டிருந்தேன். டைல்ஸ்காரன் வீட்டில் விருந்தாளிக்கு முதலில் குளியலறைதான் காட்டுவார்கள். கீழே இறங்கி வந்து ராத்தாவைத் தேடினால், வேன் போய்விட்டது. அவள் சாப்பிடவில்லை என்று பிறகு தெரிந்தது. அதற்குப் பிறகு அவள் குண்டசாலைப் பக்கம் காலெடுத்து வைக்கவில்லை. போன் பேசுவாள், சிரிப்பாள், வர மாட்டாள்.

மகளுக்குக் கல்யாணம் பேசியாயிற்று. மாப்பிள்ளை டாக்டர், தாயும் டாக்டர், கண்டியில் பழைய குடும்பம். மகளின் வாப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் பக்கத்துச் சாப்பாட்டை ஊரே பேச வேண்டும் என்றார்.

எங்களில் கார்டு அனுப்பினால் அது சொன்னதாகாது. வீட்டுக்குப் போய் வாயால் சொல்ல வேண்டும். நான் கலகெதரைக்குப் போனேன். அந்த வளைவுகளில் எனக்கு எப்போதும் தலை சுற்றும். கடை வாசலில் இறங்கியபோது ராத்தா மெஷினிலிருந்து எழும்பவில்லை.

"வாங்கோ வாங்கோ. மார்பிள் ஊட்டுக்காரி வந்தீக்கிறா. கதிரைய தொடச்சி போடுங்கோ" என்று மருமகளிடம் சொன்னாள்.

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவள் நூலை வாயால் கடித்து அறுத்தாள்.

"வாறன். நான் தூக்கி வளத்த புள்ளட கல்யாணம், வராம எப்பிடி? ஆனா ஒரு பேச்சு. ஒன்ட பக்கத்தில, ஒரே சஹன்ல ஒக்காந்துதான் நான் திம்பன். திரும்பவும் என்ன கொண்டுபோய் ஒரு மூலைல வெச்சியென்டா, அதுக்குப் பொறகு என்ட மய்யத்துக்கும் நீ வர வாணாம்."

"அப்பிடி பேசாத ராத்தா."

"பேசிட்டன். இப்ப தேத்தண்ணி குடி."

அவள் சொன்னால் செய்கிறவள். ஒரு முறை சாச்சியோடு, அதாவது எங்கள் சின்னம்மாவோடு, கோபித்து, சாச்சி மவுத்தாகும்வரை அந்த வாசலை மிதிக்காதவள். தேத்தண்ணியைக் குடித்தேன். "என்ட பக்கத்திலதான் ராத்தா. சொல்லிட்டன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். வரும் வழியெல்லாம் எனக்குச் சந்தோசம். அவள் வருகிறாள்.

அடுத்த கிழமை, விழா ஏற்பாடு செய்யும் ஒரு பிள்ளை கொழும்பிலிருந்து வந்தாள். மடிக்கணினியைத் திறந்து படம் காட்டினாள். வட்ட மேசை, அதைச் சுற்றி ஆறு கதிரை, மேசை நடுவில் வெள்ளி நிறத்தில் ஒரு சஹன். அதில் சோற்று மலை, மலை உச்சியில் ஓர்கிட் பூ. ஒவ்வொரு கதிரைக்கும் முன்னால் தனிப் பீங்கான், கரண்டி, முள்ளுக்கரண்டி, பெயர் எழுதிய அட்டை.

"இது சஹன் தீம், ஆன்ட்டி. பாக்க ட்ரெடிஷனலா ஈக்கும். ஆனா எல்லாருக்கும் வேற வேற ப்ளேட். வெய்ட்டர்மார் வந்து பரிமாறுவாங்க."

"அப்ப நடுவில ஈக்கிற சோறு?"

"அது டிஸ்பிளேக்கு, ஆன்ட்டி. யாரும் தொட மாட்டாங்க."

யாரும் தொடாத சஹன்! எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பிள்ளை என்ன செய்யும்? அவள் கேட்டதைச் செய்கிறாள். அவளுக்குக் கேக் கொடுத்து அனுப்பிவிட்டு மகளின் வாப்பாவிடம் திரும்பினேன். தலை மேசையில் யார் யார் என்று கேட்டேன். நான், மாப்பிள்ளையின் தாய், மாப்பிள்ளையின் பெரியம்மா, ஓர் அமைச்சரின் மனைவி, அந்த மனைவியின் தங்கை, வர்த்தகர் சங்கத் தலைவரின் மனைவி. ஆறு பேர். எண்ணிக்கை மட்டும் சஹன் எண்ணிக்கை.

"என்ட ராத்தா?"

"அவங்களுக்கு நல்ல எடம் போட்டுத்தான் ஈக்கி. பின்னுக்கு, ஏசி நல்லா வார பக்கம்."

"நான் வாக்குக் குடுத்தீக்கிறன். அவ என்ட பக்கத்தில ஒக்காருவா. இல்லாட்டி நான் அவட பக்கத்தில ஒக்காருவன்."

"நீ பொண்ணுட உம்மா. தலை மேசைய உட்டுட்டு பின்னுக்குப் போய் ஒக்காந்தா அவங்க என்ன நெனப்பாங்க? பைத்தியமா ஒனக்கு?"

குரல் உயர்ந்தது, அவருடையதும் என்னுடையதும். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. அப்போதுதான் அவர் அதுவரை எனக்குச் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"நான் கடைல சாமான் தூக்குற காலம். முதலாளிட சொந்தத்தில ஒரு கல்யாணம். சஹன்ல ஒக்காந்தன், ஆறாவது ஆளா. பிஸ்மி சொல்லி கை வைக்கப் போறன், ஒரு பெரிய மனுசன் வந்திட்டார். என்ன எழும்பச் சொல்லிட்டாங்க. 'பொறகு திங்கலாம் தம்பி' என்டு. நெய்ச்சோத்து வாசம் கைல ஈக்கி, சோறு இல்ல. அன்டைக்கி நெனச்சன், இனி என்ன ஒருத்தனும் எழுப்ப ஏலாத எடத்திலதான் ஒக்காருவன் என்டு. இந்த ஊடு, இந்த கட, எல்லாம் அதுக்குத்தான்."

 இத்தனை வருசம் ஒன்றாக வாழ்ந்தும் அந்தக் கதையை அவர் எனக்குச் சொன்னதில்லை. அந்த மனுசனைக் கட்டிப் பிடித்து அழ வேண்டும் போல இருந்தது. ஆனால் என் வாய் வேறு சொன்னது.

"அன்டைக்கி ஒங்கள எழுப்பினாங்க. இன்டைக்கி என்ட ராத்தாவ எழுப்புறது நீங்க."

 "சரி, பாப்பம்" என்றார் அவர். நான் அதை ஆம் என்று எடுத்துக்கொண்டேன். அவர் கடையில் விலை குறைக்கச் சொல்லி யாராவது கேட்டாலும் "சரி, பாப்பம்" என்றுதான் சொல்வார். ஒருநாளும் குறைத்ததில்லை.

கல்யாணத்தன்று ஹோட்டல் மண்டபத்தை நடுவில் திரை போட்டுப் பிரித்திருந்தார்கள். ஆண்கள் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். மகளைப் பார்க்க எனக்கே கண் பட்டுவிடும் போல இருந்தது. நான் வாசலில் நின்று வருகிறவர்களுக்கு ஸலாம் சொல்லிக்கொண்டிருந்தேன். ராத்தா வந்தாள். எங்கள் வாப்பா போட்ட பழைய சங்கிலியிலிருந்து போன மாதம் வாங்கிய காப்புவரை எல்லாவற்றையும் போட்டிருந்தாள். என்னைக் கட்டிப் பிடித்து, "மெலிஞ்சிட்டாய்" என்றாள். அது பாராட்டா திட்டா என்று கேட்பதற்குள் பின்னால் அமைச்சரின் மனைவி வந்துவிட்டார். அவரை அழைத்துப் போய்த் தலை மேசையில் உட்கார வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், சீருடை போட்ட ஒரு பெண் ராத்தாவை மண்டபத்தின் கடைசிக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள். சமையலறைக் கதவுக்குப் பக்கத்து மேசை. ராத்தா ஒரே ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் அந்தப் பக்கம் போகப் பார்த்தேன். படம் எடுக்கிறவர் வந்துவிட்டார். மாப்பிள்ளையின் தாய் என் கையைப் பிடித்துப் பக்கத்துக் கதிரையைக் காட்டினார். "மணமகளின் தாயார்" என்று அட்டையில் தங்க நிறத்தில் எழுதியிருந்தது. உட்கார்ந்தேன். வெய்ட்டர்மார் பீங்கான்களில் சோறு வைக்கத் தொடங்கினார்கள். மெல்லிய இசை. அமைச்சரின் மனைவி சுவிட்சர்லாந்தின் குளிரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ராத்தாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மேசையில் ஐந்து பேர்தான். மாத்தளையிலிருந்து வர வேண்டிய மாமி வரவில்லை. ராத்தா கைப்பையை மடியில் வைத்திருந்தாள். அவள் எழும்பிப் போகப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. போனால் அவ்வளவுதான். எனக்கு ராத்தா இல்லை.

அவள் எழும்பினாள். ஆனால் வாசலுக்குப் போகவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கலகெதரைச் சந்தையில் கூப்பிடுகிற குரலில், அந்த ஏசி மண்டபமே திடுக்கிட, ஒரு சத்தம் போட்டாள்.

"இங்க ஒராள் கொறயுது!"

இசை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பேச்செல்லாம் நின்றுவிட்டது. திரைக்கு அந்தப் பக்கம் ஆண்களும் பேச்சை நிறுத்தியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். விழா ஏற்பாட்டுப் பிள்ளை ஓடினாள். யாரோ இருவர் சிரித்தார்கள். ராத்தா யாரையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. பசியோடு ஒருத்திக்காகக் காத்திருக்கிற முகம். எத்தனை வருசமாக எத்தனை கதிரையில் உட்கார்ந்திருக்கிறேன். ஒருத்தர்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

நான் எழும்பினேன். மாப்பிள்ளையின் தாய் என் முந்தானையைப் பிடித்தார்.

"எங்க போறீங்க? சாப்பாடு வந்திட்டு."

"சாப்பிடத்தான் போறன்" என்றேன்.

முதுகுக்குப் பின்னால் படம் எடுக்கிற வெளிச்சம் மின்னியது. அந்த மண்டபத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு, அத்தனை கண்ணும் என்மேல் இருக்க, நடந்து போனேன். கூச்சமாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். மகள் பிறந்த அன்றைக்குப் பிறகு நான் அவ்வளவு நிமிர்ந்து நடந்ததில்லை.

போய் உட்கார்ந்தேன். ராத்தா, அவள் மருமகள், சாச்சியின் மகள்மார் இரண்டு பேர், மகளுக்கு அலங்காரம் செய்த சலூன்காரப் பிள்ளை, நான். ஆறு. ராத்தாவின் முழங்கால் இப்போது கீழே உட்கார விடாது, அதனால் மேசையிலேயே இருந்தோம். விழா ஏற்பாட்டுப் பிள்ளை மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"ஆன்ட்டி, ஒங்கட ப்ளேஸ் அங்க."

"புள்ள, இந்தப் பீங்கானையெல்லாம் எடுத்திட்டு போங்கோ. இந்த சஹனுக்கு இறைச்சியும் கோழியும் கொணாந்து கொட்டச் சொல்லுங்கோ."

"அது டிஸ்பிளேக்கு, ஆன்ட்டி."

ராத்தா ஓர்கிட் பூவைக் காம்போடு பிடுங்கி அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்தாள். "இந்தாங்கோ டிஸ்பிளே" என்றாள். வெய்ட்டர் ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய், தட்டத்தோடு கோழியும் இறைச்சியும் ஈரலும் கொண்டுவந்து கொட்டினார். சலூன்காரப் பிள்ளை தயங்கினாள். "நானும் கை போடவா?" என்று கேட்டாள். "நீங்க போடாட்டி நாங்க எப்பிடி தொடங்குற?" என்றாள் ராத்தா. பிஸ்மி சொல்லிக் கை வைத்தோம்.

நான் இரண்டு வாய்கூட வைத்திருக்க மாட்டேன். ராத்தாவின் கை, காப்பெல்லாம் குலுங்க, எல்லை தாண்டி என் பக்கம் வந்தது. என் பொரித்த வெங்காயத்தையும் ஈரல் துண்டையும் ஒன்றாக அள்ளியது. நான் அவள் கையில் ஓங்கி அடித்தேன்.

"ஒன்ட மேசைல எல்லாருக்கும் வேற வேற பீங்கான்தானே" என்றாள் வாய் நிறையச் சோற்றோடு. "ஒன்ட பக்கத்தில கை போட அங்க யாரு ஈக்கிற?"

யாரும் இல்லை. அதுதான் உண்மை. நான் அழுதேன். சோற்றைப் பிசைந்துகொண்டே அழுதேன். ராத்தா அதைக் கண்டுகொள்ளாமல் அடுத்த துண்டையும் எடுத்தாள்.

ஊர் பேசியது. பேசட்டும். டைல்ஸ் முதலாளியின் மனைவி சபை தெரியாதவள் என்றார்கள். கலகெதரைப் புத்தி போகவில்லை என்றார்கள். போகாது. வாவியைச் சுற்றி நடக்கும் கூட்டத்தில் ஒருத்தி, என் மன நிலைக்கு நல்ல டாக்டர் தெரியும் என்று போன் நம்பர் அனுப்பினாள். நன்றி சொல்லி அழித்துவிட்டேன். எனக்கு இன்னும் அந்த வீடு பிடிக்கும், வெந்நீர் பிடிக்கும், கார் பிடிக்கும். விழாக்களுக்கு மட்டும் போவதில்லை. யாராவது அழைத்தால், நான் வராவிட்டால் எது நிற்கும் என்று கேட்கிறேன். 

மகளின் வாப்பா கொஞ்ச காலம் என்னோடு பேசவில்லை. தேத்தண்ணி வைத்தால் குடிப்பார், அவ்வளவுதான். கல்யாண அல்பம் வந்தது. அதில் ஒரு படத்தில் அமைச்சரின் மனைவி வாய் நிறையச் சிரிக்கிறார். மாப்பிள்ளையின் தாயும் நன்றாக விழுந்திருக்கிறார். ஆனால் நடுவில் ஒரு கதிரை காலி. நான் எழும்பிப் போன கணத்தில் எடுத்த படம். ஆட்களின் படத்தை வீட்டில் மாட்டுவது மார்க்கத்தில் கூடுமா கூடாதா என்று முன்பெல்லாம் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் நடக்கும். அமைச்சரின் மனைவி இருக்கிற படம் என்றதும் கூடும் என்றாகிவிட்டது. காலிக் கதிரையில் என் உருவத்தைக் கணினியில் ஒட்டித் தரலாம் என்று படக்காரர் சொன்னாராம்.

"ஒட்டினா நான் அத உடைப்பன்" என்றேன். "மாட்டுறதென்டா இப்பிடியே மாட்டுங்கோ."

அப்படியே மாட்டினார். ஹோலில், வருகிறவர் கண்ணில் முதலில் படும் இடத்தில்.

போன மாதம் வர்த்தகர் சங்கத் தலைவர் வீட்டுக்கு வந்தார். அடுத்த தலைவர் பதவியைப் பற்றிப் பேச வந்தவர். மகளின் வாப்பா அவருக்கு முன்னால் கதிரை நுனியில் உட்கார்ந்திருந்தார். நான் தேத்தண்ணித் தட்டோடு வாசல் திரைக்குப் பின்னால் நின்றேன். தலைவர் படத்தை அண்ணாந்து பார்த்தார்.

"நல்ல படம். அமைச்சர்ட மனிசி, என்ட மனிசி எல்லாம் ஈக்கிறாங்க. நடுவில ஈக்கிற கதிரை யாருட?"

கதை தெரிந்தேதான் கேட்கிறார் என்று எனக்குப் பட்டது. ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என்றுதான் நினைத்தேன். தலை சுற்று, மகளைப் பார்க்கப் போனாள், இப்படி ஏதாவது. அவரும் படத்தைப் பார்த்தார். பிறகு கதிரையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அது என்ட ஊட்டுக்காரிட" என்றார். "ஒரு சஹன்ல ஒராள் கொறஞ்சிச்சி. அவ சாப்பிட போயிட்டா."